மாதக்கணக்கில் நிற்கும் விளம்பரங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்காமல் தேங்குவது ஏன்?

புதுடெல்லி: பழைய மாருதி ஸ்விஃப்ட் அல்லது ஹூண்டாய் ஐ20 காரை விற்க நினைப்பவருக்கு இந்தியாவில் பெரிய சிரமம் ஏதுமில்லை. விளம்பரம் வெளியான சில நாட்களிலேயே அழைப்புகள் வரத் தொடங்கும். விலை சற்று முன்பின் இருந்தாலும் கார் கைமாறிவிடும். ஆனால், ஓட்டும் இன்பத்துக்காகவே வாங்கப்படும் ஆற்றல் மிக்க கார்களின் நிலை வேறு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ, ஃபோர்டு மஸ்டாங், பிஎம்டபிள்யூ எம்340ஐ போன்றவை இந்த வகையில் அடங்கும். இவற்றில் பலவற்றின் விளம்பரங்கள் மாதக்கணக்கில் அப்படியே நிற்பதுண்டு. பார்க்க வருபவர்கள் உண்டு, அருகில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் அதைவிட அதிகம். வாங்குபவர் மட்டும் வருவதில்லை.

இத்தனைக்கும் இந்தியாவில் புதிய கார்களைவிடப் பழைய கார்களே அதிக எண்ணிக்கையில் விற்பனையாகின்றன. சந்தை வளர்ந்துகொண்டிருக்கும்போது அதன் ஒரு மூலை மட்டும் ஏன் தேங்கி நிற்கிறது? விற்பவர் சொல்லும் விலை எங்கிருந்து வருகிறது? வாங்குபவர் தயங்குவது எதனால்?

கேட்கும் விலையும் விற்ற விலையும்

சாதாரண காருக்கு ஒரு சந்தை விலை உண்டு. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர் ஓடிய ஆயிரக்கணக்கான கார்கள் ஒவ்வொரு மாதமும் கைமாறுவதால், விலை தானாகவே ஓர் அளவில் வந்து நிற்கிறது. ஆர்வலர்களுக்கான கார்களில் இது நடப்பதில்லை. ஏனெனில் எண்ணிக்கையே மிகக் குறைவு. 2016-ல் வந்த மூன்று கதவு போலோ ஜிடிஐ இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டது வெறும் 99 கார்கள். 2020-ல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ் 245 மொத்தம் 200 கார்கள். இவற்றில் எந்த ஒரு மாதத்திலும் விற்பனைக்கு வருபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

இதனால் விற்பவர் தனது விலையை முடிவு செய்ய ஒரே வழிதான் இருக்கிறது. அதே மாடலுக்கு மற்றவர்கள் விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பது. ஆனால் விளம்பரத்தில் தெரிவது கேட்கும் விலை மட்டுமே. அந்தக் கார் கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் மட்டுமே தெரியும். விற்காத காரின் விலையைப் பார்த்து இன்னொருவர் தன் காருக்கு விலை வைக்கிறார், அதைப் பார்த்து மூன்றாமவர் வைக்கிறார். யாருக்கும் கிடைக்காத ஒரு தொகை இப்படித்தான் 'சந்தை விலை' என்ற பெயரைப் பெறுகிறது.

புதிய கார்களின் விலை ஏறுவதும் இந்த எதிர்பார்ப்பை வளர்க்கிறது. 2020-ல் ஆக்டேவியா ஆர்எஸ் 245 காரின் ஷோரூம் விலை ரூ.35.99 லட்சம். 2025 அக்டோபரில் அதன் அடுத்த தலைமுறை கார் ரூ.49.99 லட்சத்துக்கு வந்தது. அதுவும் 100 கார்கள் மட்டுமே. சாலை வரி, காப்பீடு சேர்த்தால், 20 சதவீத சாலை வரி உள்ள தமிழ்நாட்டில் புதிய காரின் ஆன்-ரோடு விலை 60 லட்சத்தைத் தாண்டும். பழைய காரை வைத்திருப்பவர் இதைப் பார்த்துத் தன் காரின் மதிப்பும் உயர்ந்துவிட்டதாகக் கருதுவது இயல்பே. ஆனால் வாங்க வருபவர் அந்தக் காரை ஐந்து ஆண்டு பழையது, வாரண்டி முடிந்தது என்றுதான் பார்க்கிறார்.

புதியதன் விலை குறைந்தால்?

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. போலோ ஜிடிஐ அறிமுகமானபோது விலை ரூ.25.99 லட்சம். எதிர்பார்த்த வேகத்தில் விற்காததால் பின்னர் அதன் விலை ரூ.19.99 லட்சமாகக் குறைக்கப்பட்டது. முதலில் வாங்கியவர்களின் காரிலிருந்து ஒரே நாளில் 6 லட்சம் ரூபாய் கரைந்தது. அவர்கள் காரில் எந்தக் குறையும் இல்லை.

கடந்த 2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றம் இதையே பரவலாகச் செய்தது. 1500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட பெரிய செடான் கார்களுக்கு அதுவரை 28 சதவீத ஜிஎஸ்டியுடன் 20 சதவீத இழப்பீட்டு செஸ் வசூலிக்கப்பட்டது. அது செஸ் இல்லாத 40 சதவீதமாக மாறியது. அதாவது 50 லட்சம் ரூபாய் அடிப்படை விலை கொண்ட கார் 74 லட்சத்திலிருந்து 70 லட்சமாக இறங்கியது. புதியதே 4 லட்சம் குறைந்து கிடைக்கும்போது, ஓராண்டு பழைய காரை முந்தைய விலைக் கணக்கில் கேட்பவரிடம் யாரும் செல்வதில்லை. பழைய விலையில் காரை வாங்கி இருப்பு வைத்திருந்த டீலர்களுக்கும் இதே நிலைதான்.

இறக்குமதி கார்களில் இன்னொரு தயக்கமும் சேர்ந்துள்ளது. முழுமையாக வெளிநாட்டில் தயாராகி வரும் விலையுயர்ந்த கார்களுக்கு இந்தியா 100 சதவீதத்துக்கு மேல் சுங்க வரி விதிக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கை வரம்புக்குள் இந்த வரியைப் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்க வகை செய்கிறது. குறைப்பு ஒரே நாளில் நடக்கப்போவதில்லை, எல்லாக் கார்களுக்கும் கிடைக்கப்போவதும் இல்லை. ஆனாலும் ஒரு கோடி ரூபாய் செலவிட நினைப்பவர் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று சொல்ல இந்தச் செய்தியே போதுமானது.

காப்பீட்டுக் கணக்கு தரும் அதிர்ச்சி

விற்பவர் கேட்கும் விலைக்கும் ஆவணங்கள் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி முதலில் வெளிப்படுவது காப்பீட்டில்தான். கார் திருட்டுப் போனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ காப்பீட்டு நிறுவனம் தருவது ஐடிவி எனப்படும் மதிப்பிடப்பட்ட தொகை. உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானம் கழித்து இது கணக்கிடப்படுகிறது. ஓராண்டு முடிந்த காருக்கு 20 சதவீதம், இரண்டாண்டு முடிந்தால் 30, மூன்றாண்டு முடிந்தால் 40, நான்காண்டு முடிந்தால் 50 சதவீதம் கழியும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ரூ.36 லட்சம் பட்டியல் விலை கொண்ட கார் ஐந்தாம் ஆண்டில் சுமார் ரூ.18 லட்சத்துக்கே காப்பீடு பெறும். அந்தக் காரை அரிது என்பதற்காக ரூ.28 லட்சம் கொடுத்து வாங்குபவர், மீதி 10 லட்சத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் சுமக்கிறார். வங்கிகளும் பழைய கார் கடனுக்குத் தங்கள் மதிப்பீட்டையே பார்க்கின்றன, ஆர்வலரின் அன்பைப் பார்ப்பதில்லை. எனவே கேட்கும் விலைக்கும் கடன் தொகைக்கும் இடைப்பட்ட பணத்தை வாங்குபவர் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். அவ்வளவு தொகையைக் கையில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் புதிய எஸ்யூவி வாங்கச் சென்றுவிடுகிறார்கள் என்பதே இந்தச் சந்தையின் அடிப்படைச் சிக்கல்.

பராமரிப்புச் செலவும் கணக்கில் வரும். அகலமான டயர்கள், பெரிய பிரேக் தட்டுகள், இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆகியவற்றின் விலை கார் பழையதாகும்போது குறைவதில்லை. பழைய விலைக்குக் கிடைத்த காருக்கும் புதிய விலையில்தான் உதிரிபாகம் வாங்க வேண்டும். நிறுவனமே நாட்டை விட்டு விலகியிருந்தால் தயக்கம் இன்னும் கூடும். 145 குதிரைத்திறனுடன் 2015-ல் ரூ.9.95 லட்சத்துக்கு வந்த அபார்த் புன்டோ, இந்தியாவில் கிடைத்த மலிவான வேகக் கார்களில் ஒன்று. ஃபியட் பிராண்டின் கார் விற்பனை இங்கு முடிவுக்கு வந்துவிட்டது. மஸ்டாங்கை விற்ற ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தக் கார்களை வாங்குபவர் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றியல்ல, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதைத்தான்.

மாநில எல்லையைக் கடக்கும்போது

அரிதான காருக்கு வாங்குபவர் பக்கத்துத் தெருவில் இருக்க மாட்டார். டெல்லி கரோல் பாக்கில் நிற்கும் காருக்கான ஆள் கோவையிலோ கொச்சியிலோ இருக்கலாம். ஆனால் இந்தியாவில் கார் சந்தை ஒன்றல்ல. சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்தை அங்கு மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பழைய மாநிலத்தின் ஆர்டிஓ அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, புதிய மாநிலத்தில் மீண்டும் வரி கட்டி, முதலில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். 2025 பிப்ரவரியில் பெங்களூருவில் வெளிமாநிலப் பதிவெண்ணுடன் வரி கட்டாமல் ஓடிய சுமார் 30 சொகுசு கார்களைக் கர்நாடக போக்குவரத்துத் துறை பறிமுதல் செய்தது. அதன்பின் வெளிமாநில எண் கொண்ட கார் என்றாலே வாங்குபவர் வரியையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறார்.

டெல்லி தலைநகர் வட்டாரத்தின் வயது வரம்பு இன்னொரு தடை. 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கு அங்குள்ள தடையை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை கூடாது என இடைக்காலமாக உத்தரவிட்டது, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் எனச் சுருக்கியது. மேலும் 20 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆகவும், இறக்குமதி கார்களுக்கு ரூ.80,000 ஆகவும் உயர்த்தியுள்ளது. பழைய ஜப்பானிய, ஜெர்மானிய இறக்குமதிக் கார்களைச் சேகரிப்பவர்களுக்கு இது சிறு தொகையல்ல.

மாற்றியமைத்த கார் யாருக்கு?

எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி ஆற்றலைக் கூட்டுவதும், புகைப்போக்கியை மாற்றுவதும் ஆர்வலர்களிடையே சகஜம். செலவிட்ட லட்சங்களை விலையில் சேர்த்துக் கேட்பதும் சகஜம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் நிர்ணயித்ததிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகலாம். எனவே ஒருவரின் ரசனைக்கேற்ற மாற்றம் இன்னொருவருக்கு விலையைக் குறைக்கும் காரணமாகிறது. எந்த மாற்றமும் செய்யாத, ஒரே உரிமையாளரிடம் இருந்த, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள கார்களே இந்தத் தேக்கத்திலும் விரைவில் போகின்றன. மாற்றியிருந்தால், கழற்றி வைத்த அசல் பாகங்களைக் காருடன் தருவது ஓரளவு உதவும்.

டீலரிடம் விட்டால்?

இணையவழிப் பழைய கார் நிறுவனங்களின் வணிகம் வேகமாக விற்கும் சிறிய கார்களை நம்பியது. ஆர்வலர் காரை அவற்றிடம் கொண்டுசென்றால் விலை குறைத்தே கேட்கப்படும். காரணம் எளிய கணக்கு. 30 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கொண்டால் மாதம் 30,000 ரூபாய். கார் ஆறு மாதம் நின்றால் 1.8 லட்சம். அதை 33 லட்சத்துக்கு விற்றால் கிடைக்கும் 3 லட்சம் லாப வித்தியாசத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியாக 54,000 ரூபாய் செல்லும். மீதி 66,000 ரூபாயில் வாடகை, ஊழியர் சம்பளம், பாலிஷ், புதிய பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு நேரடியாக விற்றால் இந்த ஜிஎஸ்டி கிடையாது.

இதனால்தான் பலரும் காரை டீலரின் ஷோரூமில் நிறுத்தி, விற்றால் தரகு தரும் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கார் விற்று, பதிவுச் சான்றில் பெயர் மாறும் வரை அதன் உரிமையாளர் விற்பவரே. விபத்து நேர்ந்தால் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது அதைப் பதிவு அதிகாரிக்கு இணையவழியில் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவமின்றிச் சாவியைக் கொடுத்துவிட்டு, நல்ல விலை வரட்டும் என்று ஆறு மாதம் காத்திருப்பவரின் காரை இடையில் யார் ஓட்டினாலும் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர்தான்.