குழாயில் வருவது தண்ணீரா, எரிவாயுவா? - நியூயார்க் மாநிலத்தின் சிற்றூர்கள் வென்ற கதை!

அமெரிக்காவின் வடகிழக்கில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு மாநிலங்கள் நியூயார்க், பென்சில்வேனியா. எல்லைக்கோடு தரைக்கு மேல்தான். தரைக்கு அடியில் இரண்டுக்கும் ஒரே பாறை. அந்தப் பாறைக்குள் ஏராளமான எரிவாயு.

பென்சில்வேனியா அந்த எரிவாயுவை எடுக்கத் தொடங்கியது. இன்று அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஷேல் எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. அதே பாறையின் மேல் உட்கார்ந்திருக்கும் நியூயார்க் மாநிலமோ, 'எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. காலடியில் கிடக்கும் பணத்தை ஒரு மாநிலம் ஏன் வேண்டாம் என்றது? காரணம், குடிநீர். அந்த முடிவை எடுக்கவைத்தவர்கள் தலைநகரத்துத் தலைவர்கள் அல்லர். சின்னச் சின்ன ஊர்களின் மக்கள்.

பாறையை உடைக்கும் தண்ணீர்

அந்தப் பாறையின் பெயர் மார்செல்லஸ் ஷேல். சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, இறுகி இறுகிப் பாறையானது. சாதாரண எரிவாயு வயல்களில் வாயு, பஞ்சு போன்ற பாறைகளில் தேங்கியிருக்கும். துளை போட்டால் தானே மேலே வரும். ஷேல் அப்படியல்ல. வாயுவைத் தன் மெல்லிய அடுக்குகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பாறையை உடைத்தால்தான் வெளியே வரும். அப்படி உடைக்கும் முறைக்குத்தான் 'ஃப்ராக்கிங்' என்று பெயர். தமிழில் 'நீரியல் விரிசல்' என்கிறார்கள்.

முதலில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாகத் துளையிடுவார்கள். பிறகு துளையைப் பக்கவாட்டில் திருப்பி, பாறைக்குள்ளேயே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோவார்கள். அதற்குள் தண்ணீர், மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கிப் பிடிக்கும். வாயு மேலே வரும்.

ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் தண்ணீர் செலவாவது சாதாரணம். நம்மூர் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் ஆயிரம் லாரிகளுக்கு மேல் வேண்டும். ரசாயனத்தின் பங்கு வெறும் ஒரு சதவிகிதம் என்று வைத்துக்கொண்டாலும், அதுவே ஒன்றரை லட்சம் லிட்டர். உள்ளே போன தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி மேலே வரும்போது, கடல்நீரைவிடப் பல மடங்கு உப்போடும், பேரியம், ரேடியம் போன்றவற்றோடும் வரும். அதைக் குடிக்க முடியாது, பாசனத்துக்கும் விட முடியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

'நிலத்தடி நீர் சில நூறு அடியில் இருக்கிறது. நாங்கள் பாறையை உடைப்பதோ அதற்கு வெகு கீழே. விரிசல் அவ்வளவு உயரம் ஏறி வராது' என்பது எரிவாயு நிறுவனங்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், ஆபத்து பெரும்பாலும் விரிசலில் இல்லை. வேறு இடங்களில் இருக்கிறது.

எரிவாயுக் கிணறு நிலத்தடி நீர் இருக்கும் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. நடுவில் காவலாக இருப்பது இரும்புக் குழாயும், அதைச் சுற்றி ஊற்றிய சிமென்ட்டும். சிமென்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், வாயு குழாயின் வெளிப்புறமாகவே ஏறி வந்து குடிநீரில் கலந்துவிடும். கழிவுநீர்த் தொட்டி கசியலாம். லாரியிலிருந்து ரசாயனம் கொட்டலாம். வறட்சிக் காலத்தில் ஓடைகளிலிருந்து அளவுக்கு மீறித் தண்ணீர் எடுக்கப்படலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், சில சூழல்களில் ஃப்ராக்கிங் குடிநீரைப் பாதிக்கக்கூடும் என்று சொல்லி, இந்த வழிகளையெல்லாம் பட்டியலிட்டது.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதே. எரிவாயு எடுக்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில், மற்ற கிணறுகளைவிடச் சராசரியாக 17 மடங்கு மீத்தேன் இருந்தது. அதே நேரம், ஃப்ராக்கிங் ரசாயனங்கள் கலந்ததற்கு அந்தக் கிணறுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

டிமாக் சொன்ன பாடம்

நியூயார்க் எல்லையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பென்சில்வேனியாவில் இருக்கும் சிற்றூர் டிமாக். வீட்டுக்கு வீடு சொந்த ஆழ்துளைக் கிணறு. அதுதான் குடிக்க, சமைக்க, குளிக்க. 2009-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது. கனத்த கான்கிரீட் மூடி தூக்கியெறியப்பட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. காரணம், கிணற்றில் சேர்ந்திருந்த மீத்தேன்.

அந்தப் பகுதியில் துளையிட்ட காபட் நிறுவனத்தின் கிணறுகளே இதற்குக் காரணம் என்று மாநில அரசு முடிவு செய்தது. அங்கே புதிதாகத் துளையிட 2010-ல் தடை போட்டது. நிறுவனம் நீண்டகாலம் பொறுப்பை மறுத்துவந்தது. கடைசியில், அதன் வாரிசான கோட்டெரா நிறுவனம் 2022 நவம்பரில் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. டிமாக் மக்களுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் அமைக்க 1.6 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டது.

கிணறு வெடித்ததற்கும் வழக்கு முடிந்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட 14 ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை உயர்நிலைப்பள்ளிக்கே போயிருக்கும். நிலத்தடி நீர் கெட்ட பிறகு நியாயம் கேட்பது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு டிமாக் ஓர் உதாரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் குடிநீரைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் 2005-ல் வந்த எரிசக்திச் சட்டம், டீசல் பயன்படுத்தாத ஃப்ராக்கிங்குக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. இதை 'ஹாலிபர்ட்டன் ஓட்டை' என்று அங்கே கிண்டலாகச் சொல்வார்கள். அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செனி, ஃப்ராக்கிங் சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டனின் முன்னாள் தலைவர்!

1,594 கையெழுத்துகள்

எல்லைக்கு இந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தின் டிரைடன் ஊர் மக்கள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மக்கள்தொகை 14,500 பேர்தான். ஆனால் ஊர் நிலத்தில் 22,000 ஏக்கருக்கும் மேல் ஏற்கெனவே ஒரு எரிவாயு நிறுவனத்தின் குத்தகைக்குப் போயிருந்தது. என்ன செய்வது?

மாநிலச் சட்டம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான், உள்ளூர் அமைப்புகளுக்கு இல்லை என்று அது சொன்னது. அங்கேதான் வந்தார்கள் வழக்கறிஞர் தம்பதி ஹெலன் ஸ்லாட்ஜே, டேவிட் ஸ்லாட்ஜே. கட்டணம் வாங்காமல் சட்டப் புத்தகங்களைப் புரட்டியவர்கள், ஒரு நுட்பமான வாசலைக் கண்டுபிடித்தார்கள்.

'தொழிலை எப்படி நடத்துவது' என்று சொல்லும் உரிமை வேண்டுமானால் ஊருக்கு இல்லாமல் போகலாம். ஆனால், 'எங்கள் நிலத்தில் எந்தத் தொழில் இருக்கலாம், எது கூடாது' என்று முடிவு செய்யும் உரிமை ஊருக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் தொழிற்சாலை கூடாது என்று ஊர் மன்றம் சொல்கிறதல்லவா, அதே நிலப் பயன்பாட்டு அதிகாரம்தான். இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள்.

டிரைடனில் 1,594 பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2011 ஆகஸ்டில் ஊர் மன்றம் எரிவாயுத் துளையிடலுக்குத் தடை விதித்தது. ஆறே வாரங்களில் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஒரு பக்கம் பெரும் பணக்கார எரிவாயு நிறுவனம், இன்னொரு பக்கம் சின்ன ஊர் மன்றம். மூன்று நீதிமன்றங்கள் விசாரித்தன. மூன்றிலும் ஊரே ஜெயித்தது. 2014 ஜூன் 30 அன்று மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம், 5-க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஊரின் உரிமையை உறுதிசெய்தது. அதற்குள் 170-க்கும் மேற்பட்ட ஊர்கள் நிரந்தரத் தடையோ, தற்காலிகத் தடையோ கொண்டுவந்துவிட்டன. ஹெலன் ஸ்லாட்ஜேவுக்கு அதே ஆண்டு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

மாநகரத்தின் குடத்தில் கை வைக்காதே!

சிற்றூர்களின் கவலை, மாநகரத்தையும் தொற்றியது. நியூயார்க் நகரம் உட்பட 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தினமும் பயன்படுத்தும் சுமார் 400 கோடி லிட்டர் தண்ணீர், தொலைவில் இருக்கும் காடு, மலைகளிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி வடிகட்டும் ஆலைக்கே போவதில்லை. கிருமிநீக்கம் மட்டும்தான். நீர்ப்பிடிப்புப் பகுதி அவ்வளவு சுத்தம். அது கெட்டால், வடிகட்டும் ஆலை கட்டவே பல நூறு கோடி டாலர் வேண்டும். அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் கீழேயும் இருப்பது மார்செல்லஸ் பாறை!

மாநில அரசு 2008-லிருந்தே சுற்றுச்சூழல் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அனுமதி இல்லை. மக்கள் அந்த அவகாசத்தை வீணாக்கவில்லை. உயிரியலாளர் சாண்ட்ரா ஸ்டெயின்கிரேபர், தனக்குக் கிடைத்த ஹெயின்ஸ் விருதுத் தொகையான ஒரு லட்சம் டாலரை இந்தப் போராட்டத்துக்கே கொடுத்தார். அரசின் வரைவு விதிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 'இன்றைக்கு இந்தப் பகுதியைப் படித்துக் கருத்து எழுதுங்கள்' என்று முப்பது நாள்கள் தொடர்ந்து மக்களைத் தூண்டினார். கோஷம் போட்டதோடு நிற்காமல், விதியைப் படித்து ஓட்டையைச் சுட்டிக்காட்டும் கடிதங்கள் குவிந்தன. மொத்தம் அரசுக்கு வந்த கருத்துகள் 2.6 லட்சத்துக்கும் அதிகம்.

2014 டிசம்பர் 17 அன்று சுகாதாரத் துறையின் பொறுப்பு ஆணையர் ஹோவர்ட் ஸக்கர் தன் முடிவைச் சொன்னார். இதுவரை தெரிந்த தகவல்களை வைத்துப் பார்த்தால், ஃப்ராக்கிங் நடக்கும் ஊரில் தான் குடியிருக்க மாட்டேன் என்பதே அதன் சாரம். 2015-ல் தடை அதிகாரபூர்வமானது. 2020-ல் அது சட்டமாகவே ஆனது.

இழந்தவர்களும் இருக்கிறார்கள்

எல்லோரும் பட்டாசு வெடிக்கவில்லை. பென்சில்வேனியாவை ஒட்டிய தென்பகுதி மாவட்டங்களில், கடனில் தத்தளித்த பால் பண்ணை விவசாயிகள் பலர் குத்தகைப் பணத்தை நம்பியிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து விவசாயி காசோலை வாங்குவதைப் பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் வரி கட்ட முடியாமல் தவித்தவர்கள் அவர்கள். சில ஊர்கள், பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிடலாமா என்றுகூடப் பேசின. குடிநீரைக் காப்பதற்கான விலையைச் சிலர் மட்டும் கூடுதலாகச் சுமக்க நேர்ந்தது என்பதை மறுக்க முடியாது. அவர்களுக்கு மாற்று வருமானம் என்ன என்ற கேள்விக்கு, தடை உத்தரவு பதில் சொல்லவில்லை.

டெல்டாவுக்குத் தெரிந்த கதை

நியூயார்க்கின் இந்தக் கதை, நம் காவிரி டெல்டா மக்களுக்குப் புதிதல்ல. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் தொடங்கிய போராட்டமும், அதற்கு முன்பே நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று நடத்திய மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரமும், தண்ணீரையும் மண்ணையும் காக்க எழுந்தவைதான். டெல்டாவின் பல கிராம சபைகள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. 2020 பிப்ரவரியில், டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மண்டலத்துக்குள் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை விதிக்கிறது. ஷேல் எரிவாயுவும் அந்தத் தடைக்குள் அடக்கம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடவில்லை.

டிரைடனும் டெல்டாவும் கேட்டது ஒரே கேள்விதான். 'இதைப் பாதுகாப்பாக எப்படிச் செய்வது?' என்பதற்கு முன்னால், 'இதை இந்த இடத்தில் செய்யத்தான் வேண்டுமா?' என்று கேட்டார்கள். தண்ணீர் கெடுவதற்கு முன்பே கேட்டார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு நாள், மார்ச் 22. உலகத் தண்ணீர் தினம். உங்கள் ஊர்க் கிணறு, ஏரி, ஆற்றுக்கு அருகில் என்ன வரப்போகிறது என்று எழுந்து நின்று கேட்க, அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?