வாக்கும் ஊர்ப் பெரியோரும்

மக்களாட்சியில் குடிமக்களே மன்னர். அவர்தம் ஆட்சியுரிமைக்குக் கருவியாவது வாக்கு. அதனைப் பணத்திற்கு விற்பவர், ஐந்தாண்டு ஆட்சியை ஒருநாட் செலவிற்கு ஈடாகக் கொடுத்துவிடுகின்றனர். முதலிட்டவன் ஊதியம் தேடுவான். வாக்கினை விலைக்குப் பெற்றவனும் பதவியேறியபின், செலவிட்ட பொருளைப் பொதுப்பணத்திலிருந்தே மீட்க முயல்வான். அதனால் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் குறைவுறும்.

இத்தீமையைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்பாளர் கையூட்டு வழங்கியது மெய்ப்பிக்கப்பட்டால் அவருடைய வெற்றி செல்லாததாகும். கொடுப்பதேயன்றிப் பெறுவதும் குற்றமே. அதற்கு ஓராண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாக்காளரைப் பணத்தால் கவரும் முயற்சி வெளிப்பட்டமையால், தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளிலும், 2017ஆம் ஆண்டில் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019ஆம் ஆண்டில் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் நடைபெறவிருந்த தேர்தல்கள் நிறுத்தப்பட்டு, பின்னர் வேறு நாள்களில் நடத்தப்பட்டன.

எனினும், சட்டம் தனித்து நின்று வெல்லுதல் அரிது. கையூட்டுப் பணம் பட்டப்பகலில் பலரறிய வழங்கப்படுவதன்று. இரவில், தெரிந்தவர் கைவழியே வீடு சேர்வது. எந்த வீட்டில் எத்தனை வாக்குகள் உள்ளன என்பதை வெளியூரார் முற்றும் அறியார். ஆதலின், அவர்கள் உள்ளூரில் செல்வாக்குடையவரையே நாடுவர். அவர், "இவ்வூரில் இது நடவாது" என்று மறுத்துரைப்பாராயின், தலைமடையை அடைத்தது போலாகும். கடைமடைக்கு நீர் செல்லாது.

ஊர்ப் பெரியோர் செய்யத்தக்க பணி இன்னும் உண்டு. வாங்கிய பணத்திற்காகச் சூடமேற்றிச் சத்தியம் செய்துவிட்டு, அதனை மீற அஞ்சும் எளியோர் பலர். கையூட்டுக்காகச் செய்த சத்தியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்பதையும், இட்ட வாக்கினைப் பிறர் அறிய இயலாது என்பதையும் அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும். பணத்தை மறுத்தவரை ஊரார் பகையாதவாறு காத்தலும் பெரியோர் கடனாகும்.

ஆயினும், பெரியோரும் தவறுதல் கூடும். கோயில் திருப்பணிக்கென ஊரார் பெயரால் ஒட்டுமொத்தமாகப் பணம் பெறுவதும், ஊராட்சித் தலைவர் பதவியை ஏலத்தில் விடுவதும் உண்டு. 'ஊர் நன்மைக்குத்தானே' என்று கூறுவதால் அவை அறமாகிவிடா. ஏனெனில், வாக்கு ஊரின் பொதுச் சொத்தன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. இன்னாருக்கே வாக்களிக்கவேண்டும் என்று ஆணையிடுதலும் அவ்வுரிமையைப் பறிப்பதேயாகும்.

விலையையும் அச்சத்தையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தி, தீர்ப்பினை மக்கள் கையில் விட்டு விலகி நிற்பவரே உண்மைத் தலைவர்.