மண் பரிசோதனைச் சாலையில் கம்ப்யூட்டர் பழுது: விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

எப்பயிரைச் சாகுபடி செய்வதாயினும் உரமிடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துக் கொள்ளுதல் நலம் என்பது விவசாயிகள் அறிந்ததே. இந்திய அரசாங்கத்தார் 2015-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ந் தேதி மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கினர். அவ்வட்டையில் மண்ணின் 12 அம்சங்கள் குறிக்கப்படுகின்றன. ஆயினும் மண்ணைக் கொடுத்துப் பல வாரங்களாகியும் அட்டை வரவில்லை என்றும், விசாரித்தால் "கம்ப்யூட்டர் பழுது" என்ற விடையே கிடைக்கிறது என்றும் குடியானவர்கள் மனம் நோவதுண்டு. அம்மனக்குறை நியாயமானதே. நெல்லுக்கு மணிச்சத்து உரத்தை அடியுரமாகவும், துத்தநாக சல்பேட்டை நடவுக்குச் சற்று முன்பும் இடவேண்டும். நடவு முடிந்தபின் வரும் அட்டை அந்தப் போகத்திற்குப் பெரும்பாலும் உதவாது.

கையால் நடப்பதும் யந்திரத்தால் நடப்பதும்

பரிசோதனைகள் யாவும் கம்ப்யூட்டரை நம்பியவை அல்ல. மண்ணின் கார அமில நிலையும் உப்பின் அளவும் சிறிய மீட்டர்களால் அறியப்படும். அங்ககக் கரியின் அளவை 1934-ம் ஆண்டில் வாக்லி, பிளாக் என்னும் இருவர் வெளியிட்ட முறைப்படி, பியூரெட்டைக் கொண்டு கையாலேயே கண்டறியலாம். துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ் ஆகிய நுண்சத்துக்களின் விஷயம் வேறு. 10 கிராம் மண்ணை 20 மில்லிலிட்டர் டி.டி.பி.ஏ. கரைசலுடன் சேர்த்து 2 மணி நேரம் குலுக்கி, வடிகட்டி, அவ்வடிநீரை அணு உறிஞ்சல் ஒளிமானி என்னும் யந்திரத்தின் சுடரில் செலுத்துவர். இவ்வகை யந்திரம் பலவற்றில் விளக்கை எரிப்பது, ஒளியை அளப்பது, அளவைக் கணக்கிட்டுப் பதிவது ஆகிய யாவும் கம்ப்யூட்டரின் வழியாகவே நடைபெறுகின்றன. அது நின்றால் யந்திரமும் நின்றுவிடும்.

பாதியில் நின்றால் நேருவது

முதலில் அளவு தெரிந்த கரைசல்களைச் செலுத்தி ஓர் அளவுக்கோட்டை அமைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டே மண்ணின் வடிநீர் மதிப்பிடப்படும். வேலை நடுவில் கம்ப்யூட்டர் நின்று, சுடரும் அணைந்துவிட்டால், மறுபடி ஏற்றிய சுடருக்குப் பழைய கோடு பொருந்தும் என்று நம்புவதற்கில்லை. விளக்கைச் சூடேற்றி, கோட்டைப் புதிதாக அமைத்தல் வேண்டும். வடிநீர் தீர்ந்திருந்தால் மண்ணை எடுத்துக் குலுக்குவதிலிருந்து தொடங்க வேண்டியதே. இதனால் ஊழியர்களின் ஒரு நாள் உழைப்பு வீணாகிறது.

எனினும், விட்டுப்போன எண்களை உத்தேசமாக நிரப்புதல் அதனினும் பெருந்தீங்கு. தமிழ்நாட்டில் துத்தநாகம் பத்து லட்சத்தில் 1.2 பங்கிற்குக் குறைந்தால் பற்றாக்குறை எனக் கொள்ளப்படுகிறது. 1.0 என்பது 1.4 என்று பதிவாகிவிட்டால், ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் தேவைப்படும் நிலத்திற்கு ஒன்றும் வேண்டாம் என்று அட்டை கூறிவிடும். ஆதலால் தாமதித்த அட்டை தவறான அட்டையைவிட மேலானது.

பழுதின் காரணங்கள்

மின்சாரத்தின் ஏற்ற இறக்கம், மண் பொடிக்கும் அறையிலிருந்து வரும் தூசு, அமிலப் புகை, வெப்பம் ஆகியவை கம்ப்யூட்டருக்குப் பகை. தூசு விசிறியை அடைக்கும். அமிலப் புகை உலோக இணைப்புகளை அரிக்கும். மற்றொரு காரணமும் உண்டு. அளக்கும் யந்திரம் நெடுங்காலம் உழைப்பது. அதனுடன் வந்த கம்ப்யூட்டரோ அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. பழைய யந்திரங்கள் சிலவற்றின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய அமைப்பில்தான் இயங்கும். அவ்வமைப்பிற்கான பொது ஆதரவு 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ந் தேதியோடு முடிவுற்றது. புதிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் பழைய யந்திரத்தின் கம்பியைச் செருகும் துவாரமே கிடையாது. ஆகவே, புதிது வாங்கிவிட்டால் தீரும் என்று எண்ணுதல் சரியன்று.

சர்வே எண் தேதியாக மாறுதல்

பழுதின்றியே நேரும் பிழையும் ஒன்றுண்டு. 12/3 என்ற சர்வே எண்ணை எக்ஸெல் போன்ற அட்டவணையில் அப்படியே பதிந்தால், அது தேதி எனக் கருதப்பட்டு உருமாறக்கூடும். உயிரியல் நிபுணர்களுக்கும் இதே தொல்லை நேர்ந்தது. "மார்ச்1" போன்ற மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிவந்தமையால், 2020-ம் ஆண்டில் பெயரிடும் குழுவினர் அப்பெயர்களையே மாற்றியதாக அறிவித்தனர். சர்வே எண்ணை மாற்ற இயலாது. ஆகையால், பதியும் முன் அப்பத்தியை எழுத்து வகையாக அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

1. வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை நீக்கி, வயலில் 10 முதல் 15 இடங்களில் மண் எடுத்துக் கலந்து, கால் பங்கிடும் முறையால் அரை கிலோவாகக் குறைக்கவும். நெல்லுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியை உபயோகிக்கலாகாது.

2. அனுப்பியது போக இன்னும் அரை கிலோ மண்ணை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைத்திருக்கவும். மறுபரிசோதனைக்கு அது உதவும்.

3. பெயர், கிராமம், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர் ஆகியவற்றைப் பென்சிலால் இரு சீட்டுகளில் எழுதி, ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வைக்கவும்.

4. நடவு நெருங்கும் சமயத்தில் அனுப்பாமல், அறுவடை முடிந்து நிலம் தரிசாகக் கிடக்கும் கோடையிலேயே அனுப்பவும்.

5. கிராம அதிகாரிகள் அனுப்பிய பைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண்ணிட்டு, வந்த அட்டைகளை அதனோடு ஒத்துப் பார்க்கவும்.

6. அட்டை வரத் தாமதமானால் நடவை நிறுத்தி வைக்காமல், அப்பகுதிக்குரிய பொதுச் சிபாரிசின்படி உரமிடவும். அட்டையில் கண்டதை அடுத்த போகத்தில் அனுசரிக்கலாம்.

யந்திரம் பழுதாவதை விவசாயி தடுக்க முடியாது. ஆனால், உலர்ந்த மண்ணும் தெளிவான சீட்டும் கையில் இருக்குமாயின், யந்திரம் சீரானவுடன் வேலை விரைவில் முடியும்; ஒருவர் நிலத்தின் அட்டை மற்றொருவருக்குப் போய்ச் சேருவதும் தவிரும்.