பிந்தி வந்து முந்திய நிறுவனம்

கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றின் உள்ளேயும் நகத்தளவுச் சில்லுகள் இருக்கின்றன. சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் செய்யப்படுபவை இவை. இத்தொழிலில் அமெரிக்காவும் யப்பானும் வெகுதூரம் முன்னேறிய பின்னரே தென்கொரியாவின் சாம்சுங் நிறுவனம் உள்ளே வந்தது.

1938 இல் தேகு நகரில் லீ பியுங் சுல் என்பவர் இதைத் தொடங்கியபோது கருவாடும் நூடில்ஸும்தான் வியாபாரம். 1950 இல் கொரியப் போர் மூண்டது. சியோலில் இருந்த சரக்குகள் பறிபோயின. அவர் புசானுக்கு இடம்பெயர்ந்து மீண்டும் தொடங்கினார். சீனி, கம்பளித் துணி என வளர்ந்து, 1969 இல் இலத்திரனியல் பொருட்களுக்கு வந்தார்.

1983 பெப்ரவரியில், தகவலைச் சேமிக்கும் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் செய்யப்போவதாக லீ அறிவித்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கற்பதே அவர்களது வழி. அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனத்திடம் பணம் கொடுத்து வடிவமைப்பைப் பெற்றனர். அமெரிக்காவில் படித்து வேலை செய்த கொரியப் பொறியியலாளர்களைச் சேர்த்துக்கொண்டனர். அவ்வாண்டு முடிவதற்குள் முதற் சில்லு தயாரானது. கிகுங் என்ற இடத்தில் ஆறே மாதங்களில் தொழிற்சாலையும் எழுந்தது.

1985 இல் சில்லு விலை சரிந்தது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனமே நினைவகச் சில்லுகளைக் கைவிட்டது. சாம்சுங் நட்டத்தோடு மேலும் முதலிட்டது. குழுமத்தின் ஏனைய தொழில்களும் கடனும் அதைத் தாங்கின. 1987 இல் லீ இறந்தார். அதன் பின் விலை ஏறியது. 1993 இல் நினைவகச் சில்லு விற்பனையில் சாம்சுங் உலகில் முதலிடம் பெற்றது.

இந்த வெற்றியில் பெண்களின் உழைப்பும் உண்டு. பாடசாலை முடித்த கையோடு வந்த இளம்பெண்கள் இரவு பகலாக முறைவேலை செய்தார்கள். சில்லுகளைக் கழுவும் இரசாயனங்களோடு புழங்கினார்கள். கிகுங்கில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் 2007 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். டாக்சி சாரதியான அவரது தந்தை, நோய்க்குக் காரணம் வேலைத்தலமே என்று வழக்காடினார். 2014 இல் மேன்முறையீட்டிலும் அவருக்கே சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. 2018 நவம்பரில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நட்டஈடு வழங்க உடன்பட்டது.

போரில் எல்லாம் இழந்த நாடும் எழலாம் என்பதற்குக் கொரியா சாட்சி. ஆனால் எழுச்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். தொழிற்சாலை வேலைக்குப் போகும் சகோதரிகள் சம்பளத்தை மட்டும் விசாரித்தால் போதாது. எந்த இரசாயனத்தோடு வேலை, என்ன பாதுகாப்பு, நோய் வந்தால் யார் பொறுப்பு என்றும் கேட்கவேண்டும். அது எங்கள் உரிமை.