காகத்தையும் எழுதுங்கள்

பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள், ஏரிக்கரையிலும் கல்லூரி வளாகத்திலும் மொட்டைமாடியிலும் சிலர் குறிப்பேட்டோடு அண்ணாந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அது. வலசை வந்த பறவைகளும் இங்கே இருக்கும் காலம் என்பதால் தை மாதம் இதற்குத் தோதானது.

ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, பார்த்த, கேட்ட பறவைகளை எல்லாம் இனவாரியாக எண்ணி எழுத வேண்டும். காது பெரிய துணை. வேலிப்புதருக்குள் இருக்கும் தையல்சிட்டு கண்ணில் சிக்காது. தன் உடம்புக்கு மீறிய சத்தத்தில் விடாமல் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வயலுக்கு மேல் தகைவிலான்கள் கூட்டமாகப் பறந்தால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அதே அளவில் எத்தனை பத்து என்று கணக்கிடுவார்கள். இனம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் போடக் கூடாது. இடம், நேரம், நடந்த தூரம் சேர்த்துப் பட்டியலைப் பறவைப் பதிவு இணையதளமான இபேர்டில் ஏற்றினால் வேலை முடிந்தது.

அரிய பறவைகளை மட்டும் எழுதினால் போதாதா? போதாது. காகம் உட்படக் கண்ட இனங்கள் அனைத்தும் இருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவையும் ஆய்வாளருக்குச் சேதி சொல்லும். ஒரு வட்டாரத்தின் நூறு பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று ஆண்டுதோறும் ஒப்பிட்டுத்தான் அது குறைகிறதா, கூடுகிறதா என்று கணிக்கிறார்கள். பதிவு செய்பவர்கள் பெருகிக்கொண்டே போவதால் வெறும் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். விகிதம் அவ்வளவாக ஏமாற்றாது.

மக்களே பறவைகளை எண்ணும் இந்த வழக்கம் பழையது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைப் போட்டிபோட்டுச் சுட்டுக்கொண்டிருந்த வழக்கத்துக்கு மாற்றாக, 1900இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 27 பேரைக் கொண்டு எண்ணத் தொடங்கினார். நம் நாட்டில் 2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைக்கு ஆதாரம், சுமார் 30 ஆயிரம் பேர் தந்த 3 கோடிப் பதிவுகள். 942 இனங்களை அது மதிப்பிட்டது. மயில் பெருகுவதும், மின்கம்பியில் சாதாரணமாகப் பார்க்கும் பனங்காடை குறைவதும் அதில் தெரிந்தன. சம்பளத்துக்கு ஆள் வைத்து இத்தனை ஊர்களில், இத்தனை காலைகளில் இதைச் செய்ய முடியாது.

ஒரு குறை இருக்கிறது. பட்டியல்கள் நகரங்களிலும் சரணாலயங்களிலும்தான் குவிகின்றன. மானாவாரி நிலங்களிலிருந்தும் சிற்றூர்க் கண்மாய்களிலிருந்தும் வருபவை குறைவு. பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிறவர்களே, அங்கிருந்து ஒரு பட்டியலாவது அனுப்புங்கள்.