பிள்ளையை ஆர்.சி. ஸ்கூல்ல சேர்க்கலாமா? தருமபுரி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

காலை எட்டு மணிக்கு தருமபுரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு கிராமத்து ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மஞ்சள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். டை கட்டிய பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் தோளில் பையோடு நாலைந்து பிள்ளைகள், பாட்டியின் கையைப் பிடித்தபடி மாதா கோயில் பக்கம் நடந்து போவார்கள். அந்தப் பாட்டியிடம் கேட்டால், ``அப்பா, அம்மா ரெண்டு பேரும் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிருக்காங்க'' என்பார்.

அந்தப் பிள்ளைகள் போவது ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்கு. `வேனுக்கு கடன் வாங்கியாவது அனுப்பணுமா, இல்ல நடந்து போற தூரத்துல இருக்கற இந்த ஸ்கூலே போதுமா?' ஒவ்வொரு ஜூன் மாதமும் நிறைய வீடுகளில் ஓடும் கேள்வி இது. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவிகிதம். மாநிலத்தின் சராசரியோ 80.09. அதனால் இங்கே ஒரு பிள்ளையின் முதல் ஐந்து வருடப் படிப்பு என்பது சின்ன விஷயம் இல்லை. முடிவெடுக்கும் முன், அந்தப் பள்ளி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

`ஆர்.சி.' என்றால் என்ன?

ரோமன் கத்தோலிக்கம் என்பதன் சுருக்கம்தான் ஆர்.சி. கத்தோலிக்கர்கள் ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் `பங்கு' என்பார்கள். அதைக் கவனிக்கும் சாமியார் பங்குத்தந்தை. கோயில் கட்டிய இடத்தில், அதே வளாகத்தில் ஒரு பள்ளிக்கூடமும் கட்டுவது அவர்களின் பழைய வழக்கம். கேரளத்தில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா 19-ம் நூற்றாண்டில் கோயில்தோறும் பள்ளி வேண்டும் என்று வலியுறுத்தினார். அமெரிக்காவில் 1884-ல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் பங்குக்கு ஒரு பள்ளி என்று தீர்மானமே போட்டார்கள்.

தருமபுரிப் பக்கம் கோவிலூர், பி.பள்ளிப்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. 1930-ல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் கீழ் இருந்த இந்தப் பகுதி, 1997-ல் தருமபுரி மறைமாவட்டமாகத் தனியாகப் பிரிந்தது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டமும் இதில்தான் வருகிறது.

சம்பளம் யார் தருகிறார்கள்?

பலருக்கும் குழப்பம் இங்கேதான். `சாமியார் ஸ்கூல்னா ஃபீஸ் கட்டணும்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். `அரசு உதவி பெறும்' ஆர்.சி. தொடக்கப்பள்ளி என்றால், நிர்வாகம்தான் சர்ச்சுடையது. அரசு அனுமதித்த பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களின் சம்பளம் அரசுடையது. பல இடங்களில் பங்குத்தந்தையே தாளாளராக இருப்பார். தலைமை ஆசிரியர் ஒரு சிஸ்டராகவோ, வெளியிலிருந்து வரும் டீச்சராகவோ இருக்கலாம். இந்த `உதவி' ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. 1854-ல் வெளிவந்த வுட்ஸ் கல்வி அறிக்கையில் தொடங்கிய முறை இது.

பாடமும் அரசுப் பள்ளியில் நடக்கும் அதே பாடம்தான். அதே சமச்சீர்ப் புத்தகம். தமிழ்வழி வகுப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, பாடப்புத்தகமும் இலவசம்.

ஒரு எச்சரிக்கை: ஒரே கேட்டுக்குள் உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவும், சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் சேர்ந்தே இருக்கலாம். சுயநிதிப் பிரிவுக்கு ஃபீஸ் உண்டு. `எங்க பிள்ளையை எந்தப் பிரிவுல சேர்க்கறீங்க?' என்று முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இப்போது நாள் சாப்பாட்டில் தொடங்குகிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். பக்கத்து அரசுப் பள்ளியில் பொங்கல் வாசனை வரும்போது, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. காமராஜர் பிறந்தநாளான 2024 ஜூலை 15-ல்தான் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் தொடங்கி, 3,995 பள்ளிகளில் சுமார் 2.23 லட்சம் பிள்ளைகளுக்கு இது சேர்ந்தது. நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட்டில் வந்தது. விடியற்காலையிலேயே வயல் வேலைக்குப் போய்விடும் அம்மாவுக்கும், அடுப்பு மூட்ட முடியாத பாட்டிக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லவே வேண்டாம். மதியம் சத்துணவு. முட்டையும் உண்டு, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

பிறகு மணி அடிக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், அன்றைய செய்தி, ஒரு ஜெபம். அப்புறம் வகுப்பு. சின்னப் பள்ளிகளில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். `எண்ணும் எழுத்தும்' முறையே அதை மனதில் வைத்து செய்யப்பட்டதுதான். பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பார்க்காமல், கற்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். இரண்டாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை அரும்பில் உட்காரும். அது அவமானம் இல்லை. அந்தப் பிள்ளையை யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

மாலையில் பள்ளி விட்ட பிறகும் சில இடங்களில் சிஸ்டர்கள் பிள்ளைகளை உட்காரவைத்து வீட்டுப்பாடம் எழுதவைப்பார்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு இது டியூஷன் மாதிரி. எல்லாப் பள்ளியிலும் இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

`மதம் மாத்திடுவாங்களா?'

வெளிப்படையாகக் கேட்கத் தயங்கினாலும், பல பெற்றோர் மனதில் இருக்கும் கேள்வி இது. பொதுவாக கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தனி வகுப்பு. அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு, கதை என்று வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்பார்கள், ஜனவரியில் அதே மைதானத்தில் பொங்கலும் பொங்கும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-வது பிரிவோ, அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் யாரையும் அவர்கள் சம்மதமில்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்கிறது. சிறுவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். `எங்க பையன் ஜெபத்துல சேர வேணாம்' என்று நீங்கள் சொன்னால், பள்ளி அதை மதித்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஆர்.சி. பள்ளியில் படிப்பதால் உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எந்த விதத்திலும் மாறாது.

பின்னாடி சலுகை போயிடுமா?

`அரசுப் பள்ளியில படிச்சாத்தான் டாக்டர் சீட்ல 7.5 சதவிகிதம் கிடைக்குமாமே, இங்க சேர்த்தா அது போயிடுமா?' என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஐந்தாம் வகுப்பு வரை ஆர்.சி. பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போனால் எந்த இழப்பும் இல்லை. ஆனால், ஆறாம் வகுப்பிலிருந்து உதவி பெறும் பள்ளியிலேயே தொடர்ந்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்போது இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

குறை இல்லையா?

இருக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலே 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்பதுதான். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ ரெக்கார்டு வேலைக்கோ போனால், மிச்சமிருக்கும் ஒருவர்தான் மொத்தப் பள்ளிக்கும். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பிள்ளைகளை வேனில் ஏற்றுவார்கள். அடுத்த வருடம் எண்ணிக்கை இன்னும் குறையும். நல்ல பள்ளிகள்கூட இப்படித்தான் மெதுவாகத் தேய்கின்றன. ஆங்கிலம் பேசும் பழக்கத்திலும் வேன் ஸ்கூல் பிள்ளைகளைவிட இவர்கள் பின்தங்கலாம். அதே சமயம், புரியாத மொழியில் மனப்பாடம் செய்வதைவிட, வீட்டில் பேசும் மொழியில் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அடித்தளம் நன்றாக விழும் என்பதே கல்வியாளர்கள் பலரின் கருத்து.

சேர்க்கும் முன் இதைச் செய்யுங்கள்

* ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருந்தால் சாதிச் சான்றிதழின் நகலை எடுத்துக்கொள்ளுங்கள்.

* எத்தனை ஆசிரியர், எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். காலிப் பணியிடம் இருந்தால் யார் பாடம் எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

* மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

* கழிப்பறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா? பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

* நீங்கள் வெளியூரில் வேலை செய்பவர் என்றால், பாட்டியின் போன் நம்பரோடு உங்கள் நம்பரையும் டீச்சரிடம் கொடுங்கள். மாதம் ஒருமுறையாவது நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வேன் ஸ்கூல்தான் சரி என்று தோன்றினால், தாராளமாக அனுப்புங்கள். ஆனால், `இலவசம்னா மட்டமாத்தான் இருக்கும்' என்ற ஒரே காரணத்துக்காக, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியை எட்டிக்கூடப் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வேலை நாள் காலையில், பிரேயருக்கு மணி அடிக்கும் நேரமாகப் பார்த்து, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்க.