அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது?

காற்றுத் திசைகாட்டியைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்: நட்டுவைத்த ஒரு கம்பி, அதன் தலையில் சுழலும் அம்பு. அம்பு மேற்கே பார்த்தால் காற்று மேற்கே போகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். காற்று மேற்கிலிருந்து வருகிறது என்பதுதான் சரி. காற்றுக்குப் பெயரே அது வரும் திக்கை வைத்துத்தான். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. தென்மேற்குப் பருவக்காற்று என்று வானிலைத் துறை சொல்வதும் இதே கணக்கில்தான்.

அம்பு ஏன் காற்றை எதிர்த்து நிற்கிறது? அதன் வால் அகலம், முனை குறுகல். காற்று வாலைத் தள்ளிப் பின்னுக்கு ஒதுக்கிவிடுவதால் முனை காற்று வரும் பக்கம் திரும்பிவிடுகிறது. எடை மட்டும் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் அச்சில் உரசும், இளங்காற்றுக்கு அசையாது. காற்றாலைகளின் தலையிலும் இப்படி ஒரு சிறு கருவி உண்டு. அது காட்டும் திசையைப் பார்த்தே மோட்டார் அந்தப் பெரிய இறக்கைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்புகிறது. விமான நிலையத்துத் துணிக்குழாய் வேறு மாதிரி: அதன் வால் காற்று போகும் பக்கம் பறக்கும்.

மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தில் இருக்கும் நம் ஊர் மம்சாபுரத்தில் ஒன்றை நட்டால் அது சும்மா நிற்காது. ஆனி, ஆடியில் முனை மேற்குப் பக்கம் பார்த்து நிற்கும். மழையை மலையின் அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, நமக்குப் பெரும்பாலும் வறண்ட காற்றுதான் மிச்சம். ஐப்பசியில் முனை வடகிழக்குக்குத் திரும்பும். நம் கண்மாய்கள் நம்பியிருப்பது அந்தக் காற்றைத்தான். எனக்கு மிகவும் பிடித்தது மாசி, பங்குனியின் அமைதியான நாட்கள். பகலில் மலைச்சரிவு சூடேறிக் காற்றை மேலே இழுப்பதால் முனை கிழக்கே, சமவெளியைப் பார்க்கும். இரவில் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே இறங்கும். முனை மலையைப் பார்க்கும். ஒரே நாளில் இரண்டு காற்று! மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த பாடம் இது.

பயனும் உண்டு. நெல் தூற்றுகிறவர் காற்று பார்த்துத்தான் நிற்பார். தோப்பில் மருந்து அடிப்பவர் காற்றை எதிர்த்து நின்று அடிக்கவே கூடாது. மருந்து அவர் முகத்துக்கே வரும்.

செய்வதும் எளிது. தகரத்தில் வால், சைக்கிள் கம்பியில் அச்சு, சுழல்வதற்குப் பழைய பேனாக் குழாய். மரமும் சுவரும் காற்றைத் திருப்பிவிடும் என்பதால் வெட்டவெளியில், உயரத்தில் வையுங்கள். வானிலை நிலையங்களில் 10 மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். வடக்கைத் தெருவை வைத்துக் குறிக்காதீர்கள். உச்சி நேரத்துக் குச்சி நிழல் வடக்கு தெற்காக விழும். ஆனால் நம் ஊரில் சித்திரையிலிருந்து ஆவணி முற்பகுதி வரை அது தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே.

மம்சாபுரத்து ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், பள்ளி மொட்டைமாடியில் ஒன்றை நட்டுவிடுங்கள். காலையும் மாலையும் பிள்ளைகள் திசையை நோட்டில் எழுதட்டும்.